சின்ன டிராக்டர் இன்ஜின்: ஆயில் கசிவும் ஹெட் கேஸ்கெட்டும்

"அண்ணாச்சி, வண்டிக்கு அடியில ஒரே ஆயிலாக் கெடக்கு. கேஸ்கெட் போயிட்டோ?"

பக்கத்து வயல்காரத் தம்பி ஒருவன் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றான். போய்ப் பார்த்தேன். ஆயில் மாற்றியிருக்கிறான், பழைய பில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது பில்டரைத் திருகிவிட்டான். வளையம் இரண்டு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆயில் நிற்காது. ஐந்து நிமிஷச் சோலி. ஆனால் அவன் அதற்குள் மனசிலேயே இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றி இறக்கி, லேத்துக்கு அனுப்பி, அதற்கு வட்டிக்குக் கடனும் வாங்கி முடித்திருந்தான்.

எங்கள் பக்கம் 'கேஸ்கெட் போயிருச்சு' என்பது 'வாயுப் பிடிப்பு' மாதிரி. எங்கே வலித்தாலும் அதே பெயர். அதனால் முதல் தடவை சொந்தமாக டிராக்டர் வாங்கியவர்களுக்காக, எது என்ன என்று விலாவாரியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் மெக்கானிக் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிற ஆள். மூன்று சிலிண்டர், இருபத்திச் சொச்சம் எச்.பி. மினி டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஹெட்டை இரண்டு தடவை இறக்கியிருக்கிறேன். ஒரு தடவையோடு முடிந்திருக்க வேண்டியது. இரண்டாவது என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம்.

கேஸ்கெட் பசை இல்லை

குக்கர் மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தையும் கேஸ்கெட் என்றுதான் சொல்கிறோம். வேலை அதேதான். உலோகத்தை எவ்வளவு வழவழப்பாக இழைத்தாலும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். ஆயிலுக்கு அந்தப் பள்ளமே வாய்க்கால். இரண்டு உலோகத்துக்கும் நடுவில், நசுங்கிக் கொடுக்கிற ஒன்றை வைத்து இறுக்கினால் அது பள்ளத்துக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். காகிதம், கார்க், ரப்பர், கிராபைட், மெல்லிய எஃகுத் தகடு என்று இடத்துக்குத் தகுந்தபடி பொருள் மாறும்.

புதிதாக வேலை பழகுகிறவர்கள் தவறுவது ஒரு விஷயத்தில்தான். கேஸ்கெட்டை ஒட்டுகிற பொருளாக நினைத்துவிடுகிறார்கள். அதற்குச் சொந்த பலம் கிடையாது. அழுத்திப் பிடித்திருப்பது போல்ட். போல்ட்டின் பிடி சமமாக இருந்தால் கேஸ்கெட் நிற்கும். பிடி ஒரு பக்கம் தளர்ந்தாலோ, உலோகம் வளைந்தாலோ, என்ன விலைக்கு வாங்கிய கேஸ்கெட்டும் போகும். இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

முதலில் ஆயில்: எங்கிருந்து வருகிறது?

ஆயில் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே கசிந்தது இன்ஜின் மேல் வழிந்து, பேன் காற்று தள்ளப் பின்னால் போய், எங்கோ ஒரு போல்ட் தலையில் திரண்டு சொட்டும். அந்தப் போல்ட்டைப் பிடித்து முறுக்கிப் பிரயோஜனம் இல்லை. நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, சந்தேகம் அங்கே போக வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். இன்ஜின் ஆறிய பிறகு டீசலும் பிரஷும் வைத்து அழுக்கைக் கழுவுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வீட்டில் இருக்கிற முகப் பவுடரைச் சந்தேகப்படுகிற பக்கமெல்லாம் தூவிவிட்டு, பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் தலை எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். பேன் பக்கம் கை வைக்காமல் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வருவது எந்த ஆயில் என்பதையும் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜின் ஆயில் கொஞ்ச நாளிலேயே கருப்பட்டிக் காப்பி மாதிரி கறுத்துவிடும். பொன்னிறமாக, தெளிவாக வந்தால் அது பெரும்பாலும் கியர் பெட்டியிலிருந்தோ ஹைட்ராலிக்கிலிருந்தோ வருவது. மெல்லிசாக, விரலில் நிற்காமல், வாடையோடு இருந்தால் டீசல்.

இன்ஜினுக்குள் ஆயில் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இல்லை. பில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், வெளியே ஓடுகிற ஆயில் குழாய் எல்லாம் பம்ப் தள்ளுகிற பாதை. அங்கே சதுர செ.மீ.க்கு 2 முதல் 4 கிலோ வரை அழுத்தம் இருக்கும். இங்கே பழுது என்றால் ஓடும்போது பீய்ச்சும், நிறுத்தினால் நிற்கும். இன்ஜின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கிற டேப்பட் மூடிக்குள் இருப்பது தெறிக்கிற ஆயில். இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்பில் இருப்பது சும்மா தேங்கிக் கிடக்கிற ஆயில்; அது வண்டி நின்ற பிறகும் ராத்திரி முழுக்கச் சொட்டும். எப்போது சொட்டுகிறது என்று கவனித்தாலே பாதி இடத்தைத் தள்ளிவிடலாம்.

டேப்பட் மூடியும் சம்பும் பெரும்பாலும் தகரத் தட்டுதான். கசிகிறதே என்று பலத்தைக் காட்டி முறுக்குவோம். முறுக்க முறுக்க போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகரம் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மேலே வளைந்து நிற்கும். கசிவு கூடும். கழற்றி, விளிம்பைச் சமமான மரக்கட்டை மேல் கவிழ்த்து, குழிந்த இடத்தை அடிப்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கி, புது கார்க் கேஸ்கெட் போட்டு, ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்கினால் போதும். அனபாண்ட் என்று எல்லாரும் சொல்கிற பசையைச் சட்னி மாதிரி அப்புகிற பழக்கம் வேண்டாம். வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ந்து சம்பில் விழுந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தால் கிராங்கே, அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற முக்கியத் தண்டே போகும்.

சம்பின் டிரெயின் போல்ட்டுக்குச் செம்பு வாஷர் இருக்கும். செம்பு ஒரு தடவை நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும். அடுத்த தடவை நசுங்காது, அதனால் அடைக்காது. புதிது கிடைக்காவிட்டால் அடுப்புத் தணலில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். பத்தர் கடையில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது ஆயில் சீல். கிராங்கின் முன் முனையில் ஒன்று, பின் முனையில் ஒன்று. ரப்பர் உதடும் அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங்கும் கொண்ட வளையம் இது. சுற்றுகிற தண்டின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். ரப்பர்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம், பல வருஷத்தில் இரும்புத் தண்டிலேயே பள்ளம் போட்டுவிடும். நகத்தை வைத்து இழுத்தால் அந்தப் பள்ளத்தில் மாட்டும். புது சீலைப் பழைய இடத்திலேயே அடித்தால் உதடு மறுபடி அதே பள்ளத்தில் உட்கார்ந்து கசியும். இடம் இருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டின் மேல் ஸ்லீவ் என்கிற மெல்லிய உலோக உறை போட வேண்டும். பின் சீல் போனால் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகச் சொட்டும். அதை மாற்ற டிராக்டரையே இடுப்பில் பிரிக்க வேண்டும். அது வீட்டு முற்றத்து வேலை இல்லை.

அதற்குப் போகும் முன்னால் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றி அடைத்திருக்கிற ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழே சம்ப் பக்கம் இறங்கும். அது வெளியே போக ஒரு குழாய் உண்டு, அதுதான் பிரீதர். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நன்றாக இருக்கிற சீல் எல்லாவற்றின் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். எங்கள் ஊரில் ஒரு வண்டிக்கு ஒரே வாரத்தில் நாலு இடத்தில் கசிவு. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் கொட்டகையில் சும்மா நின்ற வண்டி. குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு கம்பியை விட்டு மண்ணைத் தட்டினோம், கசிவு நின்றது. பிரீதர் சுத்தமாக இருந்தும் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் குபுகுபு என்று புகை வருகிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு எந்த கேஸ்கெட்டும் மருந்தில்லை.

கசிவைச் சரிசெய்யும் வரை ஓட்டலாமா? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 180 மில்லி, எட்டு மணி உழவில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். மூன்று நாலு லிட்டர் பிடிக்கிற சின்ன சம்புக்கு அது தாங்காது. தினம் ஈரம் மட்டும் தெரிகிறது, சொட்டவில்லை என்றால், காலையில் அளவு பார்க்கிற ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டு அறுவடை வரைக்கும் ஓட்டலாம். நான் ஓட்டியிருக்கிறேன். ஆனால் கம்பியில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. உள்ளே டீசலோ தண்ணீரோ இறங்குகிறது.

ஹெட் கேஸ்கெட்: மூன்று பேரைப் பிரித்து வைக்கிற தகடு

கீழே பிஸ்டன் ஓடுகிற பிளாக், மேலே வால்வு உட்கார்ந்திருக்கிற ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட். மற்ற கேஸ்கெட்டுகள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றை மட்டும் காத்தால் போதும். இது நெருப்பு, தண்ணீர், ஆயில் மூன்றையும் சில மி.மீ. இடைவெளியில் வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று சேராமல் பார்க்க வேண்டும்.

அந்த நெருப்பின் பலத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் காய்ந்துவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டியதும் இதே வித்தைதான். பற்றும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குக்கர் விசில் அடிப்பது சுமார் ஒரு கிலோவில். சிலிண்டர் வாய் 80 மி.மீ. என்றால் அதன் பரப்பு 50 சதுர செ.மீ. பெருக்கினால் மூன்றரை டன். சின்ன டிராக்டரின் முழு எடையே ஒரு டன்னை ஒட்டித்தான். அப்படி மூன்று நாலு டிராக்டரின் பாரம் ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது. 2000 ஆர்.பி.எம். ஓட்டத்தில் மூன்று சிலிண்டரும் சேர்ந்து நிமிஷத்துக்கு 3000 தடவை.

அதற்கு மேல் சூடு. இன்ஜின் காயும்போது ஹெட் விரியும், ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் இரண்டு மடங்கு விரியும்; இரும்பு பிளாக் மேல் அலுமினிய ஹெட் இருந்தால் கேஸ்கெட் தினமும் இரண்டுக்கும் நடுவில் அரைபடுகிறது. சாதாரணச் சூட்டில் இதையெல்லாம் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஓவர் ஹீட் ஆகும்போதுதான் கதை மாறும். ஹெட் நடுவில் வளைந்து, போல்ட் பிடி ஒரு இடத்தில் கூடி ஒரு இடத்தில் குறைந்து, குறைந்த இடத்தில் நெருப்பு வழி தேடிக்கொள்ளும்.

எந்தச் சுவர் உடைந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். நெருப்பு தண்ணீருக்குள் போனால் ரேடியேட்டரில் குமிழி வரும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் அது உள்ளே மாட்டிக்கொண்டிருந்த காற்று. சோற்றுப் பானை மாதிரி விடாமல் கொதித்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் ஆயிலுக்குள் போனால் ஆயில் கம்பி பொய் சொல்லாது: கருப்பட்டிக் காப்பி, பால் காப்பி ஆகியிருக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் சூடான பிறகும் வெள்ளைப் புகை, வெளியே எங்கும் கசியாமலே தினம் தண்ணீர் குறைவது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டுக்கு நடுவில் உடைந்தால் இரண்டும் சேர்ந்து கம்ப்ரஷனை, அதாவது காற்றை நசுக்குகிற அழுத்தத்தை இழக்கும்; வண்டி நொண்டும். இன்னொரு வகை, ஹெட்டுக்கு ஆயில் ஏறுகிற ஓட்டை இருக்கிற மூலையில் வெளிப்பக்கமாக ஆயில் கசிவது. தண்ணீர் குறையாமல் இது மட்டும் என்றால் நான் பதற மாட்டேன். கோடை உழவுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஏமாற்றுகிற அறிகுறிகளும் உண்டு. மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிற வெள்ளைப் புகை எரியாத டீசல். கண் எரியும், சூடானதும் போய்விடும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் பாலாடை மாதிரி படிந்திருந்தால் அது உள்ளே வியர்த்த ஈரமாக இருக்கலாம், கம்பியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஹெட்டிலேயே வால்வுக்கு நடுவில் விரிசல் விட்டிருந்தாலும் குமிழி வரும். அது ஹெட்டை இறக்கிய பிறகுதான் தெரியும்.

சூடான ரேடியேட்டரைத் திறக்காதீர்கள். 0.9 பார், அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் 0.9 கிலோ அழுத்தம் தாங்குகிற மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 119 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

இறக்குவது

உங்கள் வண்டியின் புத்தகம் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எந்த வரிசையில், வால்வுக்கு விடுகிற டேப்பட் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும்.

தண்ணீரை வடித்து, ஏர் பில்டர் குழாய், சைலன்சர், டீசலைப் பீய்ச்சுகிற நாசிலின் குழாய்களைக் கழற்றுங்கள். நாசில், டீசல் பம்ப் வாய்களில் சுத்தமான பிளாஸ்டிக்கைக் கட்டிவிடுங்கள். அங்கே ஒரு மண் பொடி போனால் கேஸ்கெட் செலவைவிட அது பெரிசாகும். வால்வைத் தள்ளித் திறக்கிற புஷ் ராடுகளை எடுத்த வரிசையிலேயே வைக்க ஓர் அட்டையில் ஓட்டை போட்டு நம்பர் எழுதிக் குத்தி வையுங்கள். ஹெட் போல்ட்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகக் கால் சுற்று, மறுபடி கால் சுற்று என்று பையத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் நல்ல ஹெட்டும் வளையும். ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். நடுவில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி.

ஹெட்டை இறக்கியதும் பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு சிலிண்டர் ஓட்டையைச் சுற்றியும் உலோக வளையம் இருக்கும், பயர் ரிங். நன்றாக இருந்த இடத்தில் அது ஒரே நிறத்தில் மினுங்கும். நெருப்பு தாண்டிய இடத்தில் வளையத்துக்கு வெளியே கரி ஒரு நாக்கு மாதிரி நீண்டிருக்கும். அந்த நாக்கு தண்ணீர் ஓட்டையைத் தொடுகிறதா, பக்கத்து சிலிண்டரைத் தொடுகிறதா என்று பார்த்தால் நீங்கள் கண்ட அறிகுறிக்குக் காரணம் கண்முன் இருக்கும். அந்த இடத்துக்கு நேரே ஹெட்டிலும் பிளாக்கிலும் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள்.

பழைய கேஸ்கெட் ஒட்டின மிச்சத்தைச் சுரண்டுவதில் ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளின் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டி, காற்றடித்து ஊதினால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும், புற்றுநோய் தரக்கூடியது. நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் அதன் மணல் சிலிண்டருக்குள் விழுந்து ரிங்கை அரைக்கும். சிலிண்டர் வாயில் துணி திணித்து, மழுங்கலான தகடும் பொறுமையும் வைத்துச் செய்யுங்கள்.

பிறகு ஹெட் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல எஃகு நேர்க்கோலை ஹெட்டின் மேல் நீளவாக்கில், குறுக்காக, மூலைக்கு மூலை வைத்து, அடியில், இடைவெளி அளக்கிற பீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பாருங்கள். சின்ன இன்ஜின்களுக்குப் பொதுவாக 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு இருக்கக் கூடாது என்பார்கள். தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். என் ஹெட்டில் முதல் தடவை நடு சிலிண்டர் பக்கம் 0.10 தகடு தாராளமாகப் போனது. டவுன் பக்கம் ஒரு லேத்தில் பேஸ் பண்ணி, அதாவது சமமாக இழைத்து வாங்கினேன். இஷ்டத்துக்கு இழைக்கவும் முடியாது. கூடுதலாக எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். விரிசல் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஏற்றுவது

புது கேஸ்கெட்டில் எந்தப் பக்கம் மேலே என்று அச்சிட்டிருக்கும். சில இன்ஜின்களுக்கு ஒரே அச்சில் இரண்டு மூன்று தடிமன் வரும். ஓரத்தில் இருக்கிற வெட்டுக்குறிகளின் எண்ணிக்கைதான் அடையாளம். பழையதில் எத்தனை வெட்டு இருந்ததோ அதையே கேட்டு வாங்க வேண்டும். புத்தகத்தில் சொல்லாதவரை அதன் மேல் கிரீஸ், பசை எதுவும் தடவ வேண்டாம்.

இறுக்குவது நடுவிலிருந்து வெளியே. தோசை மாவை நடுவில் ஊற்றி வட்டமாக வெளியே இழுக்கிறோமே, அதே போக்கு. ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் கேஸ்கெட் உப்பி நின்றுவிடும். ஒரே மூச்சில் முழுசாக இறுக்காமல் மூன்று சுற்றாக ஏற்ற வேண்டும். அதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். ஒரு மீட்டர் கம்பின் முனையில் 10 கிலோ தொங்கவிட்டால் வருகிற முறுக்கு சுமார் 98 நியூட்டன் மீட்டர். இந்த முறுக்கைத்தான் டார்க் ரெஞ்ச் காட்டுகிறது.

என் தண்டம் இங்கேதான். டார்க் ரெஞ்சை இரவல் வாங்கினேன், வரிசைப்படி இறுக்கினேன், ரெஞ்ச் 'டக்' என்று சொன்னது, சந்தோஷமாகத் தொளி அடிக்க, அதாவது வயலைச் சேறாக உழப் போனேன். பதினோராவது நாள் மறுபடி குமிழி. இறக்கிப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் ஒரு போல்ட் பக்கம் மட்டும் கேஸ்கெட் நசுங்கவே இல்லை; அதன் மேல் அச்சிட்ட எழுத்து புத்தம் புதுசாக இருந்தது. வேலை சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணாச்சி அந்தப் போல்ட் ஓட்டைக்குள் ஒரு துணித் திரியை விட்டு எடுத்தார். திரி சொட்டச் சொட்ட வந்தது.

"குழிக்குள்ள தண்ணி நின்னுருக்கு வே. போல்ட் அந்தத் தண்ணியத்தான் முட்டிக்கிட்டு நின்னுச்சு, ஹெட்டைப் பிடிக்கவே இல்ல. ரெஞ்சு டக்குன்னதும் நீரு நம்பிட்டீரு."

"அப்ப ரெஞ்சு சொன்னது பொய்யா அண்ணாச்சி?"

"ரெஞ்சுக்கு என்ன தெரியும்? எம்புட்டு முறுக்குனா டக்குன்னு சொல்லணும்னு தெரியும். பிளாக்கு வெடிக்காமப் போச்சே, அதுவே ஒம்ம நல்ல நேரம்."

அவர் சொன்னது சரி. மூடிய குழியில் தண்ணீரோ ஆயிலோ நின்றால், திரவம் நசுங்காது. போல்ட் இறங்க இறங்க பிளாக்கையே பிளக்கலாம். குழிகள் காய்ந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் கொடுக்கிற முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையின் உராய்விலும் போல்ட் தலையின் உராய்விலும் போய்விடும். ஹெட்டைப் பிடிப்பது மீதி ஒரு பங்குதான். மரையில் துரு இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும், ரெஞ்ச் அதே எண்ணைத்தான் காட்டும். ஆகவே ஒவ்வொரு குழியையும் திரி விட்டுக் காயவைத்து, போல்ட் மரையைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, புத்தகம் சொன்னால் ஒரு துளி ஆயில் தடவி, கையாலேயே கடைசி வரை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். சில இன்ஜின்களின் போல்ட் ஒரு தடவை இறுக்கினால் நீண்டுவிடும் வகை. அதைத் திரும்பப் போடக் கூடாது.

மீதி எளிது. நாசிலுக்கு அடியில் புதுச் செம்பு வாஷர், டேப்பட் இடைவெளி, டீசல் குழாயில் ஏர் எடுப்பது. தண்ணீர் கலந்த ஆயிலைப் பில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். பால் காப்பியில் பேரிங் பிழைக்காது. சூடாக்கி, ஆறவிட்டு, அந்த கேஸ்கெட்டுக்கு மறுபடி இறுக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னால் இறுக்கி, டேப்பட்டை இன்னொரு தடவை பாருங்கள்.

எதனால் போனது?

என் கேஸ்கெட் முதல் தடவை போனதற்குக் காரணம் கேஸ்கெட் இல்லை. அறுவடை முடிந்து களத்தில் ஓடிய வண்டியை, ரேடியேட்டர் கண்ணெல்லாம் வைக்கோல் தூசு அடைத்திருக்க, அப்படியே கார் பருவத்துத் தொளிக்கு இறக்கினேன். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேற்றில் மெதுவாக, முழு பாரத்தில் இழுக்கும்போது முன்பக்கம் காற்றோட்டம் கிடையாது. எல்லாம் பேன் கையில்தான். சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தினேன், கொஞ்ச நேரம் விட்டு மூடியைத் திறந்து வாய்க்கால் தண்ணீரைப் பச்சையாக ஊற்றினேன். 0.10 மி.மீ. வளைவு அந்த ஒரு வாளியில் வந்தது. முள் ஏறினால் பாரத்தை எடுத்துவிட்டுச் சும்மா ஓடவிட வேண்டும். நிறுத்திவிட்டால் முழுசாக ஆறும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது.

ராதாபுரம், திசையன்விளை பக்கம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புச் சேர்ந்த போர் தண்ணீர். அதை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே இருந்தால் சட்டி அடியில் படிகிற மாதிரி உள்ளே உப்புப் படிந்து சூடு இறங்காது. நம் ஊரில் தண்ணீர் உறையவா போகிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவும் உப்பும் பிடிக்காமல் இருக்கத்தான். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் வண்டி சூடாகாது என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் 82 டிகிரியை ஒட்டித் திறக்கிற வால்வு அது. இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் கரி பிடிக்கும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, இன்னும் சூடாகும்.

இப்போது தொளி நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்; ஒரு செ.மீ.யிலிருந்து ஒன்றரை வரை உள்ளே போனால் சரி. ரேடியேட்டரைப் பேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுவது சாயங்காலம், இன்ஜின் ஆறிய பிறகு. முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளேதான் போய் இறுகும்.